அந்தமான்: கப்பலில் போங்கள், விமானத்தில் திரும்புங்கள்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழி தூரம் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். விமானத்துக்கு இரண்டேகால் மணி நேரம் போதும். கப்பலுக்குக் கடல் ஒத்துழைத்தால் இரண்டரை நாள், முரண்டு பிடித்தால் மூன்று நாளையும் தாண்டும். 2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியாயிற்று. ஆட்டோக்காரரும் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பவரும் இன்னும் போர்ட் பிளேர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

"எது மலிவு?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கப்பலில் பங்க் வகுப்பு (பொதுக் கூடத்தில் ஒரு படுக்கை) மட்டும்தான் விமானத்தைவிடத் தெளிவாக மலிவு. கேபின் எடுத்து, சாப்பாட்டுச் செலவையும் சேர்த்தால், இரண்டு மாதம் முன்னாடியே வாங்கி வைத்த விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். டீலக்ஸ் கேபின் அதைத் தாண்டியும் போகும். காசு மிச்சம் பிடிக்கத்தான் கேபினில் போகிறேன் என்பவர் ஒருமுறை கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. அந்தமான் பயணத்தில் ஏதாவது ஒன்று தள்ளிப்போகும். கப்பல் தேதி தள்ளும், படகு நேரம் மாறும், காட்டுச் சாலையில் வண்டி காத்துக் கிடக்கும், எப்போதாவது விமானமும் ரத்தாகும். அந்தத் தாமதம் நீங்கள் வீட்டில் இருக்கும்போது வந்தால் பரவாயில்லையா, தீவில் லாட்ஜ் வாடகை கட்டிக்கொண்டிருக்கும்போது வந்தால் தாங்குமா? இதற்கு உங்கள் பதில் தெரிந்தால் எந்தப் பக்கம் எதில் ஏறுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் கப்பல். அந்தமான் நிர்வாகத்துக்காக ஓடும் பயணிகள் கப்பல்கள் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் மூன்றிலிருந்தும் புறப்படுகின்றன. விசாகப்பட்டினத்திலிருந்து எப்போதாவதுதான். கொல்கத்தா 1,255 கிலோமீட்டர், அதோடு ஹூக்ளி ஆற்றில் தண்ணீர் ஏற்ற இறக்கம் பார்த்துத்தான் கப்பல் கடலுக்கு வர முடியும். தமிழ்நாட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். சென்னையிலிருந்து பொதுவாக மாதத்துக்கு இரண்டு மூன்று நடை. நான்கவுரி, நிக்கோபார், ஸ்வராஜ் தீப், கேம்ப்பெல் பே என்பவை பல வருடங்களாகக் காதில் விழும் கப்பல் பெயர்கள். நான்கவுரியில் 1,200 பேர் வரை போகலாம். ஸ்வராஜ் தீப் என்பது கப்பலின் பெயர், 2018 டிசம்பருக்குப் பிறகு ஹேவ்லாக் தீவின் பெயரும் அதுவே. டிக்கெட் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தேதிதான் தலைவலி. மாதத்துக்கான உத்தேசப் பட்டியல் ஒன்று வரும். பிறகு அது நகரும். ஒரு கப்பல் பழுதுபார்க்கப் போனால் இன்னொன்று அதன் நடையையும் சேர்த்து ஓட்ட வேண்டும். சரக்கு ஏற்றி முடியாது, போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் கப்பல் கட்ட இடம் காலியாகாது, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் வேறு. போர்ட் பிளேரில் இருக்கும் என் பெரியம்மாவின் கொள்கை தெளிவானது: "கப்பல்ல வர்றதா இருந்தா கிளம்பினதுக்கு அப்புறம் போன் பண்ணு. முன்னாடியே தேதி சொல்லாத, நான் நம்ப மாட்டேன்."

டிக்கெட்டைக் கப்பல் துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். சென்னையில் ராஜாஜி சாலை ஜவஹர் கட்டடத்தில் நேரிலும் விசாரிக்கலாம். அடையாள அட்டை கட்டாயம். தீவுவாசிகளுக்குத் தனி அட்டை உண்டு, அவர்களுக்கு மானியக் கட்டணம். நமக்கு அதைவிடக் கூடுதல். அது நியாயம்தான். நமக்கு இது சுற்றுலா, அவர்களுக்கு இது ஊருக்குப் போகும் பஸ். சென்னை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள், பாரிமுனையில் சரக்கு எடுத்த கடைக்காரர்கள், தென் மாவட்டங்களிலிருந்து எப்போதோ குடியேறி இப்போது கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து போகும் குடும்பங்கள் என்று கப்பல் நிறைய அவர்கள்தான். கோடை விடுமுறை தொடங்கும்போது சென்னை வரும் கப்பலிலும், முடியும்போது போர்ட் பிளேர் போகும் கப்பலிலும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பங்க் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள். கீழ்த்தளத்தில் பெரிய கூடம், இரும்புச் சட்டத்தில் மேலும் கீழுமாகப் படுக்கைகள், வரிசை வரிசையாக. தலைக்கு மேல் குழாய்கள் ஓடும். எஞ்சினின் அதிர்வு இரவெல்லாம் கட்டில் வழியாக முதுகுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் டீசல் வாடை, இரண்டாம் நாள் அதோடு யாரோ திறந்த மாங்காய் ஊறுகாய், மூன்றாம் நாள் கழிப்பறைப் பக்கமிருந்து வருவது. விரிப்பு, காற்றுத் தலையணை, பெட்டியைக் கட்டிலோடு பூட்ட ஒரு சங்கிலி, ஒரு குவளை, இவை இல்லாமல் ஏறாதீர்கள். பக்கத்துக் கட்டில் குடும்பம் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உங்களுக்கும் ஒரு பங்கு வரும். வாங்கிக்கொள்ளுங்கள், கேன்டீன் சாப்பாட்டைவிட அது நன்றாக இருக்கும். கேன்டீனில் குறித்த நேரத்துக்கு மட்டுமே சாப்பாடு, உப்புக் காரம் எதுவும் நம் நாக்குக்கு ஏறாது. பிள்ளைகள் இருந்தால் பிஸ்கட், பழம், பால்பவுடர் கையில் இருக்கட்டும்.

பங்கிற்கு மேலே இரண்டாம் வகுப்பு கேபின், முதல் வகுப்பு கேபின், டீலக்ஸ் என்று போகும். மேலே போகப்போக அறையில் ஆட்கள் குறைவு, டீலக்ஸில் இருவர் மட்டும். என்னைக் கேட்டால் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பே போதும். கதவைச் சாத்திக்கொள்ளலாம், பெட்டிக்குக் காவல் வேண்டாம், மேல்தளம் போகப் படிகளும் குறைவு. ஒரு விஷயம் மட்டும் கேபினுக்கு எதிரானது: கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு, மேல்தளத்தில் அதிகம். வாந்தி வருகிறவர் காசு கொடுத்து மேலே போய்க் கூடுதலாக ஆடுவார். அவோமின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் துறைமுகத்தை விடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் உருட்டி எடுத்துவிடும். கர்ப்பிணிகள், அண்மையில் இதயச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கப்பலை மறந்துவிடுங்கள். கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் நடுக்கடலில் அவரால் ஓரளவுதான் செய்ய முடியும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் கப்பலில் போகச் சொல்கிறேன்? வங்காள விரிகுடா எவ்வளவு பெரியது என்பதை உடம்பு தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. மாலை ஐந்து மணிக்கு மேல்தளத்தில் கூட்டம் சேரும். யாரோ சீட்டுக் கட்டை எடுப்பார்கள். கப்பலின் ஓரத்திலிருந்து பறவைக்கோலா மீன்கள் கூட்டமாக எழும்பிப் போய் விழும். போன் ஊமையாகிவிடும். சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்து தீவில் இணையம் சீரானது. அதற்கு மேலே மிதக்கும் உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. போர்ட் பிளேர் தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் இருப்பதால், மேற்கிலிருந்து வரும் கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் கடைசிச் சில மணி நேரம், நீலம் பச்சையாகி, கரையே தெரியாமல் தண்ணீர் வரை இறங்கி நிற்கும் காடு வரும். அப்போது ஒரு போன் முதலில் கத்தும், பிறகு கூடம் முழுக்க எல்லாப் போனும் கத்தும். அடுத்த அரை மணி நேரம் ஒரே வாக்கியம்தான், நாலைந்து மொழிகளில்: "வந்துட்டோம்."

விமானத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. சென்னையிலிருந்து தினமும் நேரடி விமானங்கள் இருக்கின்றன. டிசம்பர் கடைசி, பொங்கல், மே மாதம் தவிர மற்ற நாட்களில் முன்கூட்டி எடுத்தால் விலை கையைக் கடிக்காது. வீர சாவர்க்கர் விமான நிலையத்தில் 2023 ஜூலையில் திறந்த புதிய முனையம் தாராளமாக இருக்கிறது. ஓடுபாதை கடற்படையின் ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் தளத்தோடு பொது. ஏவுகணைச் சோதனைக்காகத் தீவுகளின் வான்வெளியைச் சில மணி நேரம் மூடுவதும் உண்டு, 2025 மே மாதம் அப்படி நடந்தது. ஆனால் அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மழைக்கால மேகத்தில் இறங்க முடியாமல் விமானம் திரும்புவதும் எப்போதாவது நடக்கும்.

விமானம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது நேரம். இந்திய நேரத்தையே வைத்திருந்தாலும் அந்தமான் வெகு கிழக்கே இருக்கிறது. காலை ஐந்துக்கெல்லாம் விடிந்து, குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். படகுகளும் அந்த வெளிச்சத்துக்குள் ஓடி முடிப்பவை. காலை விமானத்தில் இறங்கினால் அன்றைக்கே ஹேவ்லாக் போய்ச் சேரலாம். மதியத்துக்குப் பிறகு இறங்கும் விமானம் ஆயிரம் ரூபாய் மலிவு என்று எடுத்தால், அந்த ஆயிரமும் அதற்கு மேலும் போர்ட் பிளேரில் ஓர் இரவு அறைக்குப் போய்விடும். மத்திய அரசு ஊழியராக இருந்தால் எல்.டி.சி.யில் (விடுமுறைப் பயணச் சலுகை) அந்தமானுக்கு விமானத்தில் போகச் சலுகை இருக்கிறது. அவ்வப்போது நீட்டிக்கப்படுவது அது. உத்தரவு இப்போது நடப்பில் உள்ளதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். கப்பல் பற்றிய பேச்சு உங்கள் வீட்டில் அதோடு முடிந்தது.

இனி இரண்டையும் கலப்பது. போகும்போது விமானம், வரும்போது கப்பல் என்று சொல்கிறவர்களும் உண்டு. விடுமுறையை முழுசாகத் தீவில் கழித்துவிட்டு, களைப்போடு கப்பலில் தூங்கிக்கொண்டே வரலாம் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைக் கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போனால் அந்த இரண்டு நாளும் உங்கள் செலவு, உங்கள் லீவு. மேலதிகாரியிடம் போனில் விளக்கிக்கொண்டிருப்பீர்கள். கடைசி நிமிடத்தில் விமானம் எடுக்கலாம் என்றால், அதே கப்பலுக்குக் காத்திருந்த வசதியுள்ளவர்கள் எல்லாரும் அதையேதான் செய்வார்கள், விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். போகும் கப்பல் தள்ளிப்போனால் நீங்கள் சென்னையில், அல்லது மதுரையில், சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். சோறு இருக்கிறது, கட்டில் இருக்கிறது. தீவில் கழிக்க இருந்த நாட்களில் ஒன்றிரண்டு குறையும், அவ்வளவுதான். திரும்பும் விமானம் குறித்த தேதியில் உங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இதற்கு நிபந்தனை ஒன்று: கப்பல் வந்து சேரும் என்று போட்ட நாளுக்கு அடுத்த இரண்டு நாளுக்கு ஹோட்டல், படகு, ஸ்கூபா எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். மொத்த லீவே ஒரு வாரம்தான் என்றால் இந்த யோசனையும் வேண்டாம், இரண்டு பக்கமும் விமானம். குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாள் கையில் இருப்பவருக்குத்தான் கப்பல்.

இன்னொரு வகைக்காரர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், வீடு மாற்றிப் போகிறவர்களுக்கு. வேலை மாற்றலாகித் தட்டுமுட்டுச் சாமான்களோடு போகும் குடும்பத்துக்கு விமானத்தின் 15 கிலோ பெட்டி ஒரு மூலைக்குக்கூடப் போதாது. அவர்களுக்குக் கப்பலே சரி.

போர்ட் பிளேரில் இறங்கியதோடு தேர்வு முடிவதில்லை. ஹேவ்லாக்குக்கும் நீல் தீவுக்கும் (இப்போது சாகித் தீப்) தனியார் விரைவுப் படகுகள் இருக்கின்றன. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் ஆகியவை தெரிந்த பெயர்கள். ஹேவ்லாக் ஒன்றரை இரண்டு மணி நேரம், ஏசி, எண் போட்ட இருக்கை. ஆயிரத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலும் கண்ணாடிக்குள் உட்கார்ந்தபடியே போக வேண்டும், கடல் கொஞ்சம் பொங்கினாலும் அந்த மூடிய அறையில் பாதிப் பேர் பாலிதீன் பையைத் தேடுவார்கள். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து போகும் அரசுப் படகுக்குச் சில நூறு ரூபாய், இரண்டரை மணி நேரம். மேலே நின்று காற்று வாங்கலாம், வயிற்றுக்கும் அதுதான் நல்லது. ஆனால் அதில் முன்னுரிமை உள்ளூர்க்காரர்களுக்கு, சுற்றுலாப் பருவத்தில் டிக்கெட் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். போகும்போது அரசுப் படகை முயற்சி செய்யுங்கள், திரும்பும்போது தனியார் படகில் முன்பதிவு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதே தர்க்கம்தான். விமானம் ஏறும் நாளுக்கு முந்தின மாலையே போர்ட் பிளேருக்கு வந்துவிட வேண்டும். அன்று காலைப் படகைப் பிடித்து மதிய விமானம் ஏறலாம் என்று திட்டம் போட்டுக்கொடுக்கும் ஏஜென்ட்டை மாற்றிவிடுங்கள்.

வடக்கே திக்லிபூர் போக இரண்டு வழி. அந்தமான் டிரங்க் ரோடு வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் ஏறக்குறைய முழுப் பகல். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டிக் காத்திருந்து, குறித்த நேரத்தில் காவலோடு ஒன்றாகப் போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஏனென்றால் அது ஜாரவா பழங்குடி மக்களின் காடு. மொத்தமே சில நூறு பேர்தான் அவர்கள். அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே குடியிருக்கிறவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி குறைவு. அதே வழியில் பாராடாங் சுண்ணாம்புக் குகையைப் பார்க்க நாம் போவது வேறு கதை. ஜன்னலோரம் உட்கார்ந்து காட்டுக்குள் மனிதர்களைத் தேடும் அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு மனம் வரவில்லை. திக்லிபூர் பக்கமுள்ள சேடில் பீக் மலையும் (732 மீட்டர், தீவுகளிலேயே உயரமானது) ராஸ், ஸ்மித் தீவுகளை இணைக்கும் மணல்திட்டும்தான் பார்க்க வேண்டும் என்றால், போர்ட் பிளேரிலிருந்து அங்குள்ள ஏரியல் பே துறைக்குப் போகும் கப்பலை விசாரியுங்கள். தினமும் இருக்காது. தேதி பொருந்தினால் அதுவே என் தேர்வு.

நிக்கோபார் தீவுகளின் பெரும்பகுதிக்குச் சுற்றுலாவாகப் போக முடியாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறையின்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியாட்களுக்கு அங்கே இடமில்லை, சீட்டும் தக்க காரணம் இருந்தால்தான். ஆனாலும் இதைப் படிப்பவர்களில் சிலருக்கு அங்கே சொந்தங்கள் இருக்கலாம். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1969 முதல் கிரேட் நிக்கோபார் தீவின் கேம்ப்பெல் பேயில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன, அதிலும் தமிழர் உண்டு. அங்கே போகக் கப்பல்தான் முதல் வழி. போர்ட் பிளேரிலிருந்து கேம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கு மேல், வழியில் கார் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளைத் தொட்டுக்கொண்டு போகும். லிட்டில் அந்தமானைத் தாண்டியதும் வரும் பத்து டிகிரிக் கால்வாய் சென்னைக் கடலைவிட மோசமாக உருட்டும். ஹெலிகாப்டர் இருக்கிறது, பெட்டி எடை கைப்பை அளவுக்குத்தான். நோயாளி ஒருவர் வந்தால் உங்கள் இருக்கை அவருக்குப் போகும், போகத்தான் வேண்டும். ஆகவே அந்த இருக்கையை நம்பி மறுநாள் சென்னை விமானத்துக்கு டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள்.